ஃபுளோரைடு எந்தத் துறைப் பாடம்?

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை இருப்பது அங்குள்ளவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கறையை எந்தத் துறை ஆராய வேண்டும் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ஃபுளோரைடு பாறையிலிருந்து வருகிறது, அது நிலவியல். தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பது வேதியியல். பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்பது மருத்துவம். எந்த வீட்டில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எதைச் சமையலுக்கு எடுக்கிறார்கள் என்பது சமூகவியல். கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது பொறியியலும் நிர்வாகமும். இந்த ஐந்தும் ஐந்து கட்டடங்களில் இருக்கின்றன. ஒரு கட்டடத்து மாணவர் இன்னொரு கட்டடத்துக்குள் நுழைய எந்தக் காரணமும் இருப்பதில்லை.

அந்தக் காரணத்தைக் கோடை விடுமுறையில் உண்டாக்கித் தருவதுதான் பல்துறை ஆய்வுப் பயிற்சி. இளநிலை, முதுநிலை மாணவர்களும், பிஎச்.டி. செய்கிறவர்களும், அதை முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களும் ஆறிலிருந்து பத்து வாரம் வரை ஒரு இடத்தில் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒரு கேள்வியை எடுத்து, வழிகாட்டி ஒருவரோடு அதைத் துருவி, கடைசியில் அறிக்கை எழுதி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். வகுப்புகள் உண்டு, பரீட்சை கிடையாது. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வியை எடுக்கக் கூடாது என்பதே முக்கியமான விதி. கல்லூரி ஆய்வகத்தில் செய்யும் டைட்ரேஷனில் என்ன விடை வரவேண்டும் என்று ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கும். இங்கே வழிகாட்டிக்கும் விடை தெரியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரிய கேள்விகள் பலவும் இப்படித் துறைகளுக்கு நடுவில் விழுகிறவை. இங்குள்ள மாணவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்ப் பயிற்சி பெறுவது அவசியம். அதே அளவுக்கு, அந்தப் பயிற்சி இங்கேயே, இந்தக் கேள்விகளைச் சுற்றி நடப்பதும் அவசியம். முதலாவதைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கம் வந்த வழி

1945இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மேக்ஸ் டெல்புரூக் ஒரு கோடை வகுப்பைத் தொடங்கினார். அவர் படித்தது இயற்பியல். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸை வைத்து, உயிர்கள் தம் பண்புகளை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கடத்துகின்றன என்று கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். உயிரியலே படிக்காத இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும் வந்து சில வாரங்களில் கையால் சோதனை செய்து பழகும்படி வகுப்பு அமைந்தது. அணுக்கருத் தொடர்வினையைச் சிந்தித்த லியோ சிலார்ட் அங்கே மாணவராக வந்தார். இயற்பியலிலிருந்து வந்த சீமோர் பென்சர் பிற்காலத்தில் மரபணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர்களில் முன்னணியில் நின்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு கோடையிலும் அந்த வகுப்பு நடந்தது. மூலக்கூறு உயிரியல் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1969இல் ஃபேஜ் ஆய்வாளர்களான டெல்புரூக், சால்வடார் லூரியா, ஆல்ஃபிரட் ஹெர்ஷி மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆளுக்கொரு ஃபேஜை வைத்து ஆராய்ந்தால் ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிட முடியாது என்று டெல்புரூக் கண்டார். 1944இல், எல்லோரும் குறிப்பிட்ட ஏழு ஃபேஜ்களையே பயன்படுத்துவது என்று சக ஆய்வாளர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். பல துறையினர் சேர்ந்து வேலை செய்ய நல்ல மனது மட்டும் போதாது. எதை, எப்படி, எந்த அலகில் அளப்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு இந்த வழக்கம் பரவியது. வியன்னாவுக்கு அருகில் லாக்சன்பர்க்கில் உள்ள ஐயாசா என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம் 1977 முதல் இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று மாதக் கோடைத் திட்டம் நடத்துகிறது. ஆற்றல், நீர், மக்கள்தொகை, காலநிலை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு அனுபவம் தரும் ஆர்.இ.யூ. திட்டத்தைத் தொடங்கியது. பல துறையினரும் சேர்ந்து ஆராயும் அமெரிக்காவின் சான்டா ஃபே நிறுவனத்தின் கோடைப் பள்ளி 1988இல் வந்தது.

நம் நாட்டில் பரவலாகத் தெரிந்தது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெல்லோஷிப். சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் அவற்றில் ஒன்று. மற்ற இரண்டும் புதுதில்லியிலும் பிரயாக்ராஜிலும் இருக்கின்றன. இது இரண்டு மாதப் பயிற்சி, மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இது தவிர பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் கோடையில் மாணவர்களை எடுக்கின்றன. கணிதத்துக்கென்று பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். முகாம் இருக்கிறது. எல்லாமே நல்ல வாய்ப்புகள். ஆனால் பெரும்பாலும் பாடவாரியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். வேதியியல் மாணவர் வேதியியல் ஆய்வகத்துக்கே போகிறார். பக்கத்துத் துறைக்காரரைப் பார்ப்பது மெஸ்ஸில் மட்டும்தான்.

தண்ணீரும் பல்லும்: எட்டு வாரத்தில் என்ன செய்யலாம்

இந்தியாவில், ஃபுளோரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் ஃபுளோரோசிஸ் நோயை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது 1937இல். அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் ஆராய்ந்து எழுதினார்கள். எலும்பு இறுகி முதுகு வளைந்த மனிதர்களையும் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்ததால்தான் காரணம் பிடிபட்டது. பல்துறை என்பது நேற்று வந்த மோகம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் தரைக்குக் கீழே இருப்பது கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறை. அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடினால் ஃபுளோரைடு ஏறும். அடுத்தடுத்த இரண்டு போர்வெல்களில் அளவு மாறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் தீர்வாக வந்தது, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் உருவாகி, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பலன் எப்படி என்று ஒரு மாணவர் குழு எட்டு வாரத்தில் பார்க்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தோன்றும் யோசனை எளிது. ஊரின் தண்ணீரை அளக்கலாம், பிள்ளைகளின் பல்லைப் பார்க்கலாம், இரண்டையும் ஒப்பிடலாம். வேதியியல் மாணவர்கள் மட்டும் இருக்கும் குழு இதைத்தான் செய்யும். பல் மருத்துவம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். நிலைத்த மேல் முன்பல்லின் எனாமல், பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். பல் வெளியே வருவது ஏழெட்டு வயதில். அப்படியானால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பல்லில் இருக்கும் கறை, ஏழெட்டு ஆண்டுகளுக்கும் அதற்கும் முன்னால் குடித்த தண்ணீரைத்தான் சொல்லும். இன்றைய தண்ணீரை அளந்து அந்தப் பல்லோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

இந்தத் தகவல் கிடைத்ததும் கேள்வி கூர்மையாகிறது. 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுடைய அண்ணன், அக்காள்கள் திட்டம் வருவதற்கு முன் பிறந்தவர்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தெரு, ஆனால் சின்ன வயதில் குடித்த தண்ணீர் மட்டும் வேறு. அண்ணன் பல்லையும் தங்கை பல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திட்டம் அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு சான்று கிடைக்கும். பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களே பலர் அந்த மூத்த தலைமுறை. அவர்கள் வீட்டிலேயே கேள்வி இருக்கிறது.

அப்புறம் சமூகவியல் மாணவர் வருகிறார். எந்த ஊருக்கு எந்த ஆண்டு குழாய் வந்தது, வந்த பிறகும் போர் தண்ணீரையே குடிக்கிறவர்கள் யார், ஏன்? பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுவது உண்டு. தொட்டியில் எது எவ்வளவு ஏறியது என்பது டேங்க் ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த மாணவர், ஃபுளோரைடை அளக்கும் நல்ல மின்முனைக் கருவிக்குச் சமம்.

உணவு பற்றிய கேள்வியும் உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குடலில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வது குறையும். களி தின்று வளர்ந்த தலைமுறைக்கு அது ஏதாவது பாதுகாப்புத் தந்ததா? ஆனால் அதே களி நிறையத் தண்ணீரை இழுத்துத்தான் வேகிறது. அந்தத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து வந்ததாக இருந்தால் ஃபுளோரைடும் கூடவே தட்டுக்கு வரும். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கிய பிறகு, இந்தக் கேள்விக்கு இன்னும் மதிப்புக் கூடியிருக்கிறது. உணவியல் துறை மாணவி ஒருவர் இல்லாவிட்டால் இது யாருக்கும் தோன்றவே தோன்றாது.

அளக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்க வேண்டும், கண்ணாடி வேண்டாம். பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். அதைத் தவிர்க்கத்தான் மின்முனையில் வைக்கும் முன் டைசாப் கரைசல் சேர்க்கிறார்கள். பல்லைப் பார்ப்பவர்கள் இருவர் இருக்க வேண்டும். இருவரும் தனித்தனியே, பல் கறையின் தீவிரத்தைத் தரப்படுத்தும் டீன் குறியீட்டில் மதிப்பெண் போட்டு, எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று புள்ளியியல் மாணவர் கணக்கிட வேண்டும்.

நாட்காட்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை என்றால் பள்ளிக்கும் விடுமுறை. பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். ஆகவே தண்ணீரும் வீட்டு நேர்காணலும் மே மாதத்தில், பல் பரிசோதனை ஜூனில் பள்ளி திறந்த பிறகு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மனிதர்களை ஆராய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். இவை பயிற்சி தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. எட்டு வாரப் பயிற்சிக்கான தயாரிப்பு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

மண்ணுக்குள் இருக்கும் இரும்பு, தோட்டத்துக்கு வரும் யானை

2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஊருக்கே பெருமையான செய்தி. ஒரு மாணவருக்கு அதில் இன்னும் ஒரு படி மேலே பாடம் இருக்கிறது. கார்பன் முறையில் பெரும்பாலும் இரும்பின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. அதே மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளின் வயதைத்தான் முடுக்கி நிறை நிறமாலைமானி என்ற கருவி சொல்கிறது. அந்தப் பொருள் ஒரு மரக்கரி என்றால், மரம் வெட்டப்பட்டபோதே அதற்கு எத்தனை வயது என்ற கேள்வி வருகிறது. மரத்தின் நடுப்பகுதி வெளிப்பகுதியைவிடப் பழையது. அது எந்த மரம் என்று தாவரவியலாளர் சொல்ல வேண்டும். மண்ணடுக்கு கலைந்திருக்கிறதா என்று நிலவியலாளரும், இரும்பை எப்படி உருக்கினார்கள் என்று உலோகவியலாளரும் சொல்ல வேண்டும். தொல்லியல் மாணவர் இவர்கள் எல்லோரிடமும் பேசக் கற்றால்தான் அந்த ஆண்டுக் கணக்குக்குப் பொருள் முழுமையாகும். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களையும் மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் என்னும் பழங்கால ஈமச் சின்னங்களையும் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வருவதோடு முடித்துவிடுகிறோம். வரலாறு, இயற்பியல், தாவரவியல் மாணவர்கள் சேர்ந்து ஒரு கோடை முழுக்க உட்கார வேண்டிய இடங்கள் அவை.

யானை விஷயம் வேறு மாதிரி. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகுக் கதிர் முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. அது கார்த்திகை, மார்கழி வேலை. மே மாதத்தில் போகும் மாணவர் மிதிபட்ட வயலைப் பார்க்க முடியாது, நேர்காணலும் இழப்பீட்டுப் பதிவேடும் வரைபடமும்தான் கிடைக்கும். கோடைப் பயிற்சியால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பதை ஏற்பாடு செய்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்டு வாரத்தில் ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, முதற்கட்டத் தரவைத் திரட்டலாம். பருவத்தோடு ஓடும் விஷயங்களுக்கு அதே மாணவர் குளிர்காலத்தில் பத்து நாள் திரும்பி வர வழி வைக்க வேண்டும்.

துறைகளைத் தாண்டிப் போவது எப்படி என்பதற்கு இங்கேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் பழங்குடி மக்களுக்காக ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். உடல்நலம் உணவோடும், உணவு விவசாயத்தோடும், விவசாயம் வருமானத்தோடும் பின்னியிருப்பதைப் பார்த்து, பின்னாளில் இயற்கை விவசாயிகள் சங்கமும் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் தொழிலும் அங்கே உருவாயின. அவர்கள் யாரும் பல்துறை என்று பெயர் வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. பிரச்சினையைப் பின்தொடர்ந்து போனார்கள்.

நம் பிள்ளைகள் ஏன் விண்ணப்பிப்பதில்லை

கோடை என்பது மாங்காய் சீசன். பறிப்பு, மண்டி, மாங்கூழ் ஆலை என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு மூன்று மாதம் கூலி கிடைக்கும் காலம் அதுதான். இன்னொரு பக்கம் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பையனுக்கு இந்த வருமானம் அடுத்த ஆண்டுக்கான பஸ் பாஸும் புத்தகமும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அது படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கோடைக் கூலியை விட்டுவிட்டு ஆய்வுக்கு வா என்று கூப்பிட்டால், குறைந்தது அந்தக் கூலி அளவுக்காவது உதவித்தொகை தந்துதான் கூப்பிட வேண்டும். இலவசப் பயிற்சி என்று சொல்வது வீட்டில் பணம் இருக்கிறவர்களுக்குத்தான் இலவசம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல வீடுகளில் விடுமுறை வந்தாலே வரன் பேச்சு தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் வெளியூர் விடுதி என்றால் அப்பா, அம்மா தயங்குவார்கள். கல்லூரியிலிருந்து ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போய், எங்கே தங்குவாள், யார் பொறுப்பு, எந்த நாளில் திரும்புவாள் என்று விளக்கமாகச் சொன்னால் பல வீடுகள் சம்மதிக்கும். ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் கல்யாணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடும் பலமாகவும் மாறலாம். பயிற்சி உள்ளூரிலேயே நடந்தால் இந்தத் தடை பாதியாகக் குறையும்.

மூன்றாவது, தகவலும் பரிந்துரைக் கடிதமும். அகாடமி ஃபெல்லோஷிப் போன்றவற்றுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். நம் கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை நடக்கும் நேரம் அது. செய்தி கிடைக்கும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும். கடிதத்தைப் பொறுத்தவரை, ‘நல்ல மாணவர், ஒழுக்கமானவர்’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதால் பயனில்லை. அந்த மாணவர் எந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டார், எந்தச் சோதனையைத் தானாகத் திருத்திச் செய்தார் என்று ஒரு சம்பவமாவது இருக்க வேண்டும். அப்படி எழுத ஆசிரியருக்கே ஆய்வு அனுபவம் தேவை. அதனால்தான் ஆசிரியர்களுக்கான கோடை ஃபெல்லோஷிப்பை நான் மாணவர்களுடையதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மாணவர் போய்வந்தால் ஒருவர் மாறுவார். ஓர் ஆசிரியர் போய்வந்தால், அவர் ஓய்வு பெறும்வரை அந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் அது பயன்படும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் வேர்விட்டிருக்கிறது. பணம் கட்டினால் ஆன்லைனில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களும் கூடிவிட்டன. வழிகாட்டி யார், அவர் முன்பு என்ன ஆராய்ந்திருக்கிறார், கடைசியில் என்ன எழுத வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

இளம் ஆய்வாளர்களின் நிலை

பிஎச்.டி. மாணவர்களும் அதை முடித்தவர்களும் இந்தப் பயிற்சியில் இரட்டை வேடத்தில் இருக்கிறார்கள். இளையவர்களுக்கு அன்றாட வழிகாட்டி அவர்கள்தான். பேராசிரியர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், பாட்டிலில் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள். வழிகாட்டுவது எப்படி என்று யாரும் பாடம் நடத்தாத நாட்டில், இதுவே முதல் பயிற்சி. இதற்குரிய ஊதியமும், கட்டுரை வெளிவந்தால் பெயரும் உண்டு என்று தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, படித்த பட்டம் அந்தப் பாடத்துக்கு இணையானதா என்ற கேள்வி வரும். சுற்றுச்சூழல் வேதியியல், நீர்வள மேலாண்மை என்று இரண்டு துறைக்கு நடுவில் பட்டம் பெற்றவர்கள் இணைச் சான்றுக்காக அலைய வேண்டியிருக்கிறது. எனவே இளம் ஆய்வாளர்களிடம் பாட எல்லையைத் தாண்டி வா என்று சொல்லும்போது, தாண்டி வந்தவர்களுக்கு வேலை எங்கே என்பதையும் அரசும் பல்கலைக்கழகங்களும் பேசியாக வேண்டும். அதுவரை என் யோசனை இது: பட்டம் ஒரு பாடத்தில் ஆழமாக இருக்கட்டும், கேள்வி மட்டும் எல்லை தாண்டட்டும்.

இங்கே நடத்த என்ன வேண்டும்

இடத்துக்குக் குறைவில்லை. தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி, பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழக மையம், செட்டிகரையில் அரசு பொறியியல் கல்லூரி, இரண்டு மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி, பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி, பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் மையம். ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடலாம். இல்லாதது, இவற்றைச் சேர்த்து வைக்க ஒரு சின்ன அலுவலகமும், அதற்குப் பொறுப்பான ஒருவரும்.

முதல் ஆண்டில் ஒரே கேள்வி போதும். தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பெங்களூரிலிருந்து கழிவோடு வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தென்பெண்ணையை எடுத்துக்கொள்ளலாம். இருபது மாணவர்கள், ஐந்து குழுக்கள், ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று பாடங்கள். இங்குள்ள மாணவர்களுக்கு இன்னொரு பலம் மொழி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ சரளமாகப் பேசுவார்கள். களப்பணியில் இது பெரிய சொத்து. குறிப்பேட்டைத் தமிழில் எழுதவிட வேண்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதக் கடைசி இரண்டு வாரம் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஆங்கிலம் வராது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கேள்வி கேட்கும் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.

கிராமத்துக்குத் திரும்பச் சொல்வதும் பயிற்சியில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே வசதி இருக்கிறது. மே 1 அன்று கிராம சபை கூடும். என்ன அளக்கப்போகிறோம், எதற்கு என்று அங்கே மாணவர்கள் சொல்லலாம். ஊர்க்காரர்கள் எந்தப் போர்வெல்லை அளக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். எட்டு வாரம் முடிந்து ஆகஸ்ட் 15 கிராம சபையில் அளவுகளை வாசிக்கலாம். பிள்ளைகளின் பெயர் எதுவும் வெளியே வரக் கூடாது. தெருக்குழாய் வாரியாக, எந்தக் குழாயில் எவ்வளவு, 1.5ஐத் தாண்டியது எது என்று தமிழில் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்துக்கும், இன்னொன்று குடிநீர் வடிகால் வாரியத்துக்கும், மூன்றாவது அந்த ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் போக வேண்டும்.